ஏழாம் பட்டியில் நான் எழுதிய திகதி

போன மாதம் என் பழைய முதலாளி ஹூபரின் மகள் தொலைபேசி எடுத்தாள். இப்போது கம்பனி அவளுடையது. பழைய கட்டடங்களின் சுவர் வெடிப்புகளைக் கவனிக்க இனி ஜிப்சம் பூசத் தேவையில்லையாம். நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒட்டிவிட்டால், அதுவே மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புமாம். "நேசன், புதுசா வேலைக்கு வந்த ஆக்கள் கேக்கினம், முந்தி நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு. ஒரு நாள் வந்து சொல்லுங்கோவன்" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறேன். பேசத் தொடங்கினால் அந்தக் கோவில் கதையையும் சொல்ல வேண்டி வரும். ஜேர்மன் மொழியில் அதைச் சொல்லும்போது என் குரல் எந்த இடத்தில் உடையும் என்று எனக்கே தெரியாது. ஆகவே முதலில் தமிழில் எழுதி வைக்கிறேன். வேண்டுமானால் என் மகள் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும்.

நான் ஜேர்மனிக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே கட்டட வேலை, யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு மேசன்மார் வந்தால் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பதுதான். இங்கே வந்து இரண்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஹூபரின் கம்பனியில் மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள். பழைய மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் சுண்ணாம்பு, ஜிப்சப் பூச்சு அலங்காரங்களைத் திருத்துகிற கம்பனி அது. சில மாதம் மூட்டை தூக்கியதைப் பார்த்துவிட்டு, "நீர் அவுஸ்பில்டுங் செய்யும்" என்றார் ஹூபர், முறையான தொழிற்பயிற்சியைச் சொன்னார். முப்பத்தொரு வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து தொழில் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் கை முழுக்கப் புண். மூன்றாம் வருடம் கை காய்த்துவிட்டது.

ஹூபர் ஆறடிக்கு மேல் உயரம். நாங்கள் இருந்த மலைப்பக்கத்து ஜேர்மன்தான் பேசுவார். எனக்கு அது எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். அவர் கத்தமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். வேலையில் எது நடந்தாலும் அவர் கேட்பது மூன்று கேள்வி. என்ன கண்டீர்? என்ன செய்தீர்? என்ன எழுதினீர்? ஏன் என்று மட்டும் கேட்கவே மாட்டார். நாங்கள் ஏன் என்பதிலிருந்துதான் தொடங்குவோம். உடனே கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "ஏன் எண்டதை எஞ்சினியர் பாக்கட்டும். நீர் கண்டதைச் சொல்லும்."

அந்த நிலநடுக்கம் ஒரு மாசி மாதத்து விடியற்காலையில் வந்தது. ஏழெட்டு விநாடிதான். கீழே பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. மேல்வீட்டுக்காரி இந்த நேரத்தில் உடுப்புத் தோய்க்கிற மெசினைப் போட்டுவிட்டாள் என்று என் மனைவி ரஞ்சி படுக்கையில் இருந்தபடியே ஏசினாள். ஆனால் மேலே மலையில் இருந்த ஒரு சிறிய ஊரில் புகைபோக்கிகள் விழுந்தன. அங்கிருந்த, பறொக் என்கிற அலங்காரப் பாணியில் கட்டிய கத்தோலிக்கக் கோவிலில், கூரையின் உள்பக்கம் மூன்றில் ஒரு பங்கு இடிந்து கீழே வந்துவிட்டது. உள்ளே ஒருவரும் இல்லாதது தெய்வச் செயல். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அந்தக் கோவிலை வெளியே நின்று பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர், நெல்லுக் கொட்டி வைக்கிற களஞ்சியம் மாதிரி. உள்ளே போனால் தேர்த் திருவிழா. பொன்வண்ணம், பூங்கொடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கொழுத்த குழந்தைத் தேவதைகள். கீழே நிற்பவருக்கு மேலே கல் வளைவு இருப்பதாகத் தோன்றும். கூரைக்குள் ஏறிப் பார்த்தால் வளைத்த மரச் சட்டம், அதில் ஆணியடித்த நாணல், நாணலில் பிடித்துக்கொண்டிருக்கும் சாந்து, அவ்வளவுதான். முந்நூறு வருடமாக ஊரையே ஏமாற்றிக்கொண்டு அழகாக நின்றிருக்கிறது. அன்றைக்கே அந்தக் கோவிலை எனக்குப் பிடித்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர் தும்புத்தடியும் கையுமாக நின்றார்கள். ஹூபர் வாசலிலேயே கையை விரித்து மறித்தார். ஒரு துண்டும் கூட்டக்கூடாது. வாங்குகளுக்கு மேலால் நூல் கட்டிக் கட்டம் பிரித்தோம். ஊர்ப் பேக்கரியில் பாண் அடுக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை இரவல் வாங்கி, எந்தக் கட்டத்தில் எந்தத் துண்டு விழுந்ததோ அந்த இலக்கத்தோடு அடுக்கினோம். மூக்கு, இலை, இறகு நுனி, பெருவிரல். மூன்று கிழமை முழங்காலில் நின்று பொறுக்கியிருக்கிறோம். பொருந்தியது பொருந்த, மற்றதைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு தேவதையின் இடது கால் தூளாகிப் போயிருந்தது. அதை நான்தான் செய்தேன். ஹூபர் தூர நின்று பார்த்தார். "நேசன், இந்தப் பிள்ளை பட்டினி கிடக்குது" என்றார். ரஞ்சியின் தங்கச்சிக்கு அப்போது ஆறு மாதக் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை போய் அதன் தொடையை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து திரும்பச் செய்தேன். இன்றைக்கும் அந்தக் கோவிலின் வடக்கு மூலையில் ஒரு தேவதைக்கு ஒரு கால் மட்டும் யாழ்ப்பாணம்.

கூரை வேலைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. சுவரிலும் தூணிலும் விழுந்த வெடிப்புகள் நின்றுவிட்டனவா, இன்னும் நகர்கின்றனவா என்று தெரியாமல் மேலே பாரத்தை ஏற்ற முடியாது. அதற்குத்தான் ஜிப்சப் பட்டி. வெடிப்பின் இரண்டு பக்கமும் பழைய வண்ணத்தைச் சுரண்டி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, வெடிப்புக்குக் குறுக்கே ஒரு விரல் நீளத்துக்கு ஜிப்சம் பூசுவோம். இரண்டு நுனியும் அகலம், நடு ஒடுக்கம். ஈரம் காயுமுன் ஆணியால் இலக்கமும் திகதியும் கீறுவோம். சுவர் மயிரளவு அசைந்தாலும் பட்டி நடுவில் பிளந்துவிடும். பிளந்த பட்டியைத் தொடக்கூடாது, அது சட்டம். அதன் பக்கத்தில் புதிய பட்டி வைத்து அன்றைய திகதியைப் போட வேண்டும். பிளந்து கிடப்பதுதான் சாட்சி. ஒவ்வொரு திங்களும் எல்லாப் பட்டியையும் பார்த்துக் கொப்பியில் பதிய வேண்டும். கீழே ஹூபர் கையெழுத்து வைப்பார்.

அந்த முறை கொப்பியை என் கையில் தந்தார். அதற்கு முன்பு அது எப்போதும் அவர் கையில்தான் இருந்தது. இந்தக் கோவில் முடியட்டும், அடுத்த வேலைக்கு நீர்தான் தலைமை என்றும் சொல்லியிருந்தார். நான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் வைத்தேன். "பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்ன பெருமை" என்று ரஞ்சி சிரித்தாள்.

பங்குனி மாதத்தில் பதினாலு பட்டிகள் வைத்தோம். ஏழும் எட்டும் தென்புறத்துப் பெரிய தூணில், சாரக்கட்டின் மூன்றாம் தட்டில் இருந்தன. அவற்றை வைக்கும்போது வாளியின் அடியில் இருந்த ஜிப்சம் இறுகத் தொடங்கியிருந்தது. இறுகுகிற ஜிப்சத்தில் தண்ணீர் விட்டுக் கிண்டினால் அது செத்துப்போகும், காய்ந்தாலும் பலம் வராது. முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கீழே இறங்கிப் புதிதாகக் கரைத்துக்கொண்டு வரப் பஞ்சி. கொஞ்சம் தண்ணீர் விட்டேன், கிண்டினேன், பூசினேன்.

சித்திரையில் ஒரு கிழமை விடாமல் மழை. அடுத்த திங்கள் காலை மேலே ஏறிப் பார்த்தால், ஏழாம் பட்டி நடுவில் பிளந்து கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம். தூண் அசைந்தது என்ற பயம் இல்லை. என் செத்த ஜிப்சம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்ற பயம். கொப்பியைக் கையில் தந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் முதல் வருடப் பிள்ளை விடுகிற பிழை. எத்தனை வருடம் ஒழுங்காக வேலை செய்தாலும், ஒரு பிழை பிடிபட்டால் திரும்பவும் மூட்டை தூக்க விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் என்னைப் போல அகதியாக வந்தவனுக்கு எலும்புக்குள் இருக்கும். சாந்தகப்பையால் பட்டியைத் தட்டி எடுத்தேன். நல்ல ஜிப்சம் கரைத்து, அதே இடத்தில் அழகாகப் பூசினேன். பங்குனி மாதத்துத் திகதியையே கீறினேன். கொப்பியில் "ஏழு: முழுசு" என்று எழுதினேன். எட்டாம் பட்டியும் அதே வாளியிலிருந்து வந்ததுதான். தூணின் மற்றப் பக்கத்தில் அது முழுதாக இருந்தது. அதையும் என் கண் பார்த்தது. செத்த ஜிப்சம்தான் காரணம் என்றால் எட்டும் பிளந்திருக்க வேண்டும் என்று, பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கோடை முழுக்கப் பெரிய மழை இல்லை. புதுப் பட்டி அசையவில்லை. எனக்கும் நிம்மதி. ஐப்பசியில் கூரையின் கடைசித் துண்டையும் பொருத்தினோம். கொப்பியைப் பார்த்து எஞ்சினியர் அறிக்கை எழுதினார்: வெடிப்புகள் பங்குனியிலிருந்து அசையவில்லை, கட்டடம் உறுதி. வருகிற புதன்கிழமை சாரக்கட்டைக் கழற்றுவது, கார்த்திகை முதலாம் நாள் கோவில் திறப்பு என்று முடிவானது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வேலை ஆயுதங்களைக் கழுவிக்கொண்டு நின்றேன். கோவிலைத் திறந்து பூட்டுகிற டோல்ட் அம்மா, பூசை உடுப்புகள் வைக்கும் அறைக் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். அந்த அறை தென்புறத்துத் தூணோடு ஒட்டியது.

"மழை துவங்க இதுவும் துவங்கியிட்டுது" என்றார். "சித்திரையிலையும் இப்பிடித்தான் இறுகினது. தச்சனைக் கூப்பிட்டுச் சீவினது. பேந்து கோடை முழுக்கச் சோலியில்லை."

"சித்திரையிலை எப்ப?" என்று கேட்டேன்.

அவர் எல்லாவற்றையும் நாட்காட்டியில் எழுதி வைக்கிறவர். தாள்களைப் புரட்டிக் காட்டினார். 'கதவு இறுகிவிட்டது' என்று அவர் எழுதியிருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஏழாம் பட்டியைத் தட்டி எடுத்தது அதற்கு அடுத்த திங்கள்.

கதவை இறுக்கியதும் பட்டியைப் பிளந்ததும் ஒன்றுதான், தூண் அசைந்திருக்கிறது. மூன்றாம் தட்டுக்கு ஓடி ஏறினேன். மழை இப்போதுதான் தொடங்கியிருந்ததால், நான் பிறகு பூசிய பட்டி இன்னும் முழுதாகவே இருந்தது. பிளந்திருந்தால் நல்லது என்று அந்த நேரம் நினைத்தேன். பிளந்திருந்தால் இன்றைக்குத்தான் பிளந்தது என்று சொல்லித் தப்பிவிடலாம். முழுதாக இருந்தபடியால் என்னிடம் சொல்ல இருந்தது உண்மை ஒன்றுதான். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. திறப்பு நாளில் அந்தத் தூணடியில் எத்தனை வாங்கு என்று எண்ணினேன். ஒன்பது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ரஞ்சியிடம் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அப்ப நீங்கள் பொய்த் திகதி எழுதினனீங்கள்."

"ஓம்."

"அது விழுமோ?"

"தெரியாது. விழாமலும் இருக்கலாம்."

"இஞ்சருங்கோ, வேலை போனால் நான் இன்னொரு இடத்திலையும் துப்புரவு வேலை எடுப்பன். அதைப்பற்றி யோசிக்காதையுங்கோ. ஆனால் அந்தச் சனம் அதுக்குக் கீழை வந்து இருக்கிற நேரம், என்னாலை உங்களோடை இந்த மேசையிலை இருக்க ஏலாது." பிறகு சோற்றைப் போட்டாள். நான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஹூபர் முன்வாங்கில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஹெர் ஹூபர், கொப்பியிலை ஒரு பொய் இருக்குது."

அவர் பாணைத் தாளில் சுற்றி வைத்தார். "என்ன கண்டீர்?"

"சித்திரை மழைக்குப் பிறகு ஏழாம் பட்டி பிளந்து கிடந்தது."

"என்ன செய்தீர்?"

"தட்டி எடுத்துப்போட்டு, அதே இடத்திலை புதுசு வைச்சனான்."

"என்ன எழுதினீர்?"

"பழைய திகதி."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் கேட்காததை அன்றைக்குக் கேட்டார். "ஏன்?"

"இறுகின ஜிப்சத்திலை தண்ணி விட்டுப் பூசினனான். அதுதான் வெடிச்சது எண்டு நினைச்சன். உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயம்."

"எனக்கோ பயந்தனீர்?"

"ஓம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நொந்துபோன பார்வை அது. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு எனக்கு முன்னாலேயே எஞ்சினியருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"எங்கடை கொப்பியிலை ஏழாம் பட்டியின்ரை பதிவு பொய். தூண் அசைஞ்சிருக்குது. ஓம், கையெழுத்து என்ரைதான். இல்லை, நான் ஏறிப் பாக்கேல்லை. வசந்தத்திலை இருந்து நான் மூண்டாம் தட்டுக்கு ஏறவேயில்லை."

அது உண்மை. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. நான் சொன்னதை நம்பித்தான் ஒவ்வொரு திங்களும் கையெழுத்து வைத்திருக்கிறார். அந்தத் தொலைபேசிப் பேச்சில் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

தூணடியில் தோண்டினார்கள். கூரை மழைத் தண்ணீரைக் கொண்டுபோகிற பழைய மண்குழாய், நிலநடுக்கத்தில் நிலத்துக்குள்ளேயே உடைந்திருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் அத்திவாரத்துக்குக் கீழே மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு ஆள் கையை விட்டால் தோள்வரை போகிற வெற்றிடம். எஞ்சினியர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. டோல்ட் அம்மா மட்டும், "கதவு சரியாத்தான் சொல்லியிருக்குது" என்றார்.

திறப்பு நின்றது. அத்திவாரம் கட்டி, தூணை இறுக்கி, கூரையில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்க்க அடுத்த ஆனி ஆகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள், முதல் தடவை நற்கருணை வாங்குகிற அந்த முதல் நன்மையை விளையாட்டு மண்டபத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு தாய் ஊர்க்கூட்டத்தில் எழும்பி அழுதேவிட்டார். ஹூபர் எழும்பி நின்று, "கம்பனியின்ரை பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். எழும்பப் போனேன். பக்கத்தில் இருந்த அவர் மகள் என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள். அந்த ஊர்க்காரரில் சிலருக்கு இன்னும் எங்கள் மேல் கோபம் ஆறவில்லை. அதுதான் பெயர் எழுதாததற்குக் காரணம்.

கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதட்டுமா என்று கேட்டேன். "கிழிக்காதையும். கீழை இருக்கிறது வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு கோடு போடும். உண்மையைப் பக்கத்திலை எழுதும்" என்றார். எழுதினேன். அதன் கீழே அவர் கையெழுத்து வைத்தார். என் வேலை என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். "நாளைக்கு ஏழு மணிக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த திங்கள் காலை, மூன்றாம் தட்டுக்குப் போகிற ஏணியில் அவரே கால் வைத்தார்.

"நான் பாக்கிறன், ஹெர் ஹூபர்."

"ஏணியைப் பிடியும்."

அந்தக் குளிர்காலமும் வசந்தமும் முழுக்க, ஒவ்வொரு திங்களும் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் சொடக்கிடுகிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும். மேலே போய் மூச்சு வாங்கி, பட்டியைப் பார்த்து, தானே எழுதி, அதைவிட மெல்ல இறங்குவார். ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. ஏசியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். விஷயம் தெரிந்து ரஞ்சி வேப்பெண்ணெய் காய்ச்சி ஒரு போத்தல் தந்துவிட்டாள். அவர் மூடியைத் திறந்து மணந்து முகத்தைச் சுளித்து, காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த திங்கள் ஏணியைப் பிடித்தபடி நின்றபோது மேலேயிருந்து வேப்பெண்ணெய் மணத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனி மாதம் சாரக்கட்டைக் கழற்றுவதற்கு முந்திய கடைசித் திங்கள். ஹூபர் ஏணியடிக்கு வந்தார். முதல் படியில் கால் வைத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். அவர் காலை எடுத்துவிட்டு, போய் முன்வாங்கில் இருந்து, கொப்பியைத் தொடையில் விரித்துக்கொண்டார்.

"நீர் ஏறும், நேசன்."

ஏறினேன். மற்றப் பட்டிகளைப் பார்த்துவிட்டு, கடைசியாக, அத்திவாரம் கட்டிய பிறகு புதிதாக வைத்த ஏழாம் பட்டியின் மேல் விளக்கைப் பிடித்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். மற்றப் பக்கமாகவும் நின்று பார்த்தேன்.

"முழுசா இருக்குது" என்றேன். என் குரல் அந்தப் பெரிய கோவிலுக்குள் சின்னதாகக் கேட்டது.

கீழே அவர் எழுதினார். கையெழுத்து வைத்தார். நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திவிட்டு, பாணை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

நான் மற்றப் பதின்மூன்றையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.